ஐந்து கட்டைக் குரலும் ஓராண்டு விடுப்பும்

ஹார்மோனியத்தில் ஒரு கட்டை என்று நாம் சொல்வதை மேற்கத்தியர் சி என்பார்கள். அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தால் ஐந்தாவது ஜி. இன்று கச்சேரி மேடையில் உட்காரும் ஆண் வித்வான்களில் பெரும்பாலோர் ஒரு கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்கோ சுருதி சேர்த்துக்கொள்கிறார்கள். ஐந்து கட்டை பெண்களின் சுருதி. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா அந்த ஐந்து கட்டையில் பாடிய ஆண். அவர் சிறுவனாக இருந்தபோது பாடியதைச் சொல்லவில்லை. இருபது வயதைத் தாண்டி, ராஜபார்ட் வேடம் கட்டி ஆடிய காலத்தில், ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் பாடியதைச் சொல்கிறேன்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து கட்டை சுருதியில் நடு ஷட்ஜம் விநாடிக்கு 196 அதிர்வுகள். மேல் ஷட்ஜம் 392. அதற்கும் மேலே தார ஸ்தாயியில் சுத்த மத்யமத்துக்குப் போனால் ஏறத்தாழ 523. ஐரோப்பிய ஓப்பரா அரங்குகளில் டெனார் என்ற உயர்ந்த ஆண் குரல்காரர்களுக்குச் சிகரமாகக் கருதப்படும் 'ஹை சி' இந்த 523தான். அதைச் சுத்தமாகத் தொட்டுக் காட்டியதற்காகவே அங்கே பாடகர்கள் பெயர் வாங்கியிருக்கிறார்கள். தவறவிட்டதற்காகக் கூச்சலும் வாங்கியிருக்கிறார்கள். கிட்டப்பா விருத்தம் பாடும்போது தார ஸ்தாயியில் நின்று உலவுவது இந்த எல்லையை ஒட்டித்தான்.

இப்படி ஒரு குரல் எப்படி வந்தது என்று கேட்டால் நம்மிடம் தயாராக ஒரு பதில் உண்டு: தெய்வ கடாட்சம். ஏன் போயிற்று என்றால் அதற்கும் பதில் உண்டு: கொடுத்துவைத்தது அவ்வளவுதான், 27 வயது. இந்த இரண்டு பதில்களையும் எழுபது எண்பது ஆண்டுகளாகத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறோம். இரண்டுமே ஒரு தொழிலின் வரலாற்றை மறைக்கின்றன என்பது என் எண்ணம். அந்தத் தொழில் எப்படி நடந்தது, குரலை எப்படி உண்டாக்கியது, எப்படிச் செலவழித்தது என்று பார்ப்பதற்குத் தூரத்திலிருந்து ஒரு ஒப்புமை தேவைப்படுகிறது. அதற்காக டென்மார்க் வரை போகலாம். டேனிஷ்காரர் என்றால் நமக்குத் தரங்கம்பாடியும் 1620-இல் எழுந்த கோட்டையும் நினைவுக்கு வரும். நான் சொல்லவருவது அதற்கெல்லாம் மிகவும் பிற்பட்ட ஒரு பாடகரை: லவுரிட்ஸ் மெல்கியோர்.

முதலில் செங்கோட்டைக்காரர்.

கிட்டப்பா 1906-இல் பிறந்தார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம்; 1956 நவம்பரில்தான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தகப்பனார் கங்காதர ஐயர், தாயார் மீனாட்சி அம்மாள். வைத்த பெயர் ராமகிருஷ்ணன். வீட்டில் வறுமை. பள்ளிப் படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணன்மார்களோடு சேர்ந்து சிறு வயதிலேயே நாடகத்துக்கு வந்துவிட்டார். அன்றைய நாடக உலகம் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக்கொடுத்த பாட்டுகளையும் வசனங்களையும் வைத்து இயங்கிக்கொண்டிருந்தது. சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடியில் பிறந்து 1922-இல் மறைந்தவர். 'வள்ளி திருமணம்', 'கோவலன்', 'பவளக்கொடி' என்று இன்றைக்கும் தென்மாவட்டத் திருவிழாக்களில் நடக்கும் நாடகங்களின் அடிப்படைப் பிரதி அவருடையது.

பெரிய நடிகர்களின் குடியும் சண்டையும் வராமல்போவதும் தாங்காமல் நாடகக்காரர்கள் சிறுவர்களைக் கொண்டு கம்பெனி நடத்தத் தொடங்கினார்கள். பாய்ஸ் கம்பெனி என்று பெயர். சுவாமிகளே 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். இந்தக் கம்பெனிகளில் ராஜபார்ட்டும் பையன், ஸ்திரீபார்ட்டும் பையன், பபூனும் பையன். எல்லாருடைய குரலும் ஒரே உயரம். ஹார்மோனியக்காரர் அந்த உயரத்துக்குச் சுருதி வைத்துக்கொண்டார். தமிழ் நாடக மேடையின் சுருதி ஏன் அவ்வளவு மேலே இருந்தது என்பதற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளின் தொண்டைக்காக வைத்த சுருதி வழக்கமாகி, பெரியவர்களின் மேடைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிள்ளைகள் வளர்ந்தால் என்ன ஆவது? பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைவதை நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்பார்கள். கம்பெனி முதலாளிகளைக் கதிகலங்க வைத்த வார்த்தை அது. நேற்று வரை இரண்டு ஒன்ஸ்மோர் வாங்கிய பையன் இன்று வாயைத் திறந்தால் கரகரக்கிறான். அவனுக்கு வசனம் மட்டும் உள்ள சிறு வேடம் கொடுப்பார்கள். இல்லையென்றால் திரை இழுக்கவோ வீட்டுக்கோ அனுப்புவார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பேர் வாங்கிய பி.யு. சின்னப்பாவுக்கும் குரல் உடைந்தது. அவர் நாடகத்தை விட்டு விலகி உடற்பயிற்சி, சிலம்பம், பாட்டுப் பயிற்சி என்று அலைந்து, பிறகு சினிமாவில் வேறொரு குரலோடு திரும்பினார். திரும்பி வந்ததால் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கம்பெனியும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

கிட்டப்பாவின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. மகரக்கட்டைத் தாண்டியும் அவருடைய உயரம் குறையவில்லை. அதோடு சிறுவர் குரலில் இல்லாத இரண்டு சேர்ந்துகொண்டன: ஆண் உடலின் மூச்சு வலு, அதிவேக பிருகா. கன்னையா கம்பெனியில் அவர் சேர்ந்த காலம் அவருக்கு நல்ல காலம். சி. கன்னையா மேடைப் பிரமாண்டத்துக்குப் பேர் போனவர்; காட்சி ஜோடனைகளுக்குப் பணத்தை அள்ளி இறைத்தவர். அவருடைய 'தசாவதாரம்' நாடகத்தில் கிட்டப்பா பரதன் வேடம் கட்டினார். ஜோடனை பார்க்க வந்த கூட்டம் பாட்டுக் கேட்கும் கூட்டமாக மாறியது. பாகவதர்களும் கச்சேரி வித்வான்களும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். நாடகக்காரன் பாட்டு என்று சபாக்காரர்கள் மூக்கைச் சுளித்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

1926-இல் கொழும்பில் கே.பி. சுந்தராம்பாளோடு மேடை ஏறினார். அவர் கொடுமுடிக்காரர், 1908-இல் பிறந்தவர், அவரும் ஐந்து கட்டைக்காரர். அவரோடு நடித்தால் உன் பாட்டு எடுபடாது என்று சிலர் கிட்டப்பாவைப் பயமுறுத்தினார்கள் என்று சொல்வதுண்டு. நடந்தது வேறு. இருவரும் ஒருவரை ஒருவர் உசுப்பிப் பாடினார்கள், பிறகு மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. இந்தக் காதல் கதையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. எனக்கு அக்கறை வேறொன்றில்: ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் நின்று பாடுவது.

ஸ்பெஷல் நாடகம் என்ற முறையில் நடிகர்கள் ஒரே கம்பெனி ஆட்கள் இல்லை. ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. பொதுவான கதை, எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டு, தர்க்கம், அவ்வளவுதான். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேலனும் வள்ளியும் விடிய விடியத் தர்க்கம் செய்வார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்க வேண்டும். நடுவில் சுருதி மாற்ற நேரம் இல்லை. மேடையில் இருப்பது ஒரே ஹார்மோனியம். பெண்ணைக் கீழே இறக்கினால் அவர் குரல் கூட்டத்துக்குக் கேட்காது. ஆகவே ஆண் மேலே ஏறியாக வேண்டும். இன்றைய கச்சேரி மேடையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாட நேர்ந்தால் சுருதியை எங்கே வைப்பது என்பது ஒரு தலைவலி. அந்தத் தலைவலிக்குக் கிட்டப்பா தன் தொண்டையால் விடை சொன்னார். ஹார்மோனியத்தில் அவருடைய அண்ணன் எஸ்.ஜி. காசி ஐயர். தம்பி எங்கே மூச்சு வாங்குவார் என்று தெரிந்த கை அது.

இடத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தகரக் கூரை அல்லது கீற்றுக் கொட்டகை. காஸ் விளக்கு சீறும். தரை டிக்கெட், பெஞ்சு, நாற்காலி என்று கூட்டம் நெரியும். குழந்தை அழும், சோடா விற்பவன் கத்துவான். இரவு பத்து மணி வாக்கில் ஆரம்பித்தால் கோழி கூவும் நேரத்தில் மங்களம். அந்த இரைச்சலுக்கு மேலே கடைசி வரிசையில் இருப்பவன் காதில் பாட்டின் சொல் விழ வேண்டும். விழவில்லை என்றால் அவன் சும்மா இருக்க மாட்டான். விழுந்தால் ஒன்ஸ்மோர் கேட்பான். கேட்டால் முழுப் பாட்டையும் மறுபடி பாட வேண்டும். ஒரே இரவில் அந்தத் தொண்டை எத்தனை முறை உச்சத்துக்குப் போய் வந்தது என்று யார் எண்ணினார்கள்?

இனி கோபன்ஹேகன். மெல்கியோர் 1890 மார்ச் 20 அன்று அங்கே பிறந்தார். அவரும் சிறுவயதில் உச்சக் குரலில் பாடிய பையன்தான். அவருக்கும் குரல் உடைந்தது. உடைந்து பாரிடோன் என்ற நடுத்தர ஆண் குரலாக நிலைத்தது. 1913-இல் கோபன்ஹேகன் ராயல் அரங்கில் லியோன்கவால்லோவின் 'பாலியாச்சி' ஓப்பராவில் சில்வியோ என்ற சிறு பாத்திரத்தில் பாடி அரங்கேறினார். சில ஆண்டுகள் அப்படியே போயின. பெரிய பெயரும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை. ஒரு சுற்றுப்பயணத்தில் வெர்டியின் 'இல் ட்ரோவத்தோரே' பாடிக்கொண்டிருந்தபோது, உடல்நலம் சரியில்லாத கதாநாயகிக்குத் துணையாக உச்ச சுரத்தை இவர் எடுத்துக் கொடுத்தாராம். உடன் பாடிய அமெரிக்கப் பாடகி மேடம் சார்ல்ஸ் காயே அதைக் கேட்டு, நீ பாரிடோன் அல்ல, மூடி போட்டு அடைத்துவைத்த டெனார் என்ற பொருளில் சொன்னதாகக் கதை. கதையின் நாடகத்தன்மை எப்படியும் இருக்கட்டும். அதற்குப் பிறகு அந்த அம்மாள் செய்ததுதான் முக்கியம். இவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்துக் குரலைத் திருத்திக்கொள்ள விட வேண்டும் என்று ராயல் அரங்குக்கு எழுதினார். அரங்கம் ஒப்புக்கொண்டது. 1917, 1918-இல் வில்ஹெல்ம் ஹெரோல்ட் என்ற மூத்த டேனிஷ் டெனாரிடம் மெல்கியோர் ஆரம்பத்திலிருந்து பாடம் படித்தார். 1918 அக்டோபரில் ஓப்பரா இசையமைப்பாளர் வாக்னரின் 'டான்ஹாய்சர்' நாயகனாக, டெனாராக, அதே மேடையில் மறுபடி அரங்கேறினார்.

28 வயது. கிட்டப்பா உயிரோடு இருந்திராத வயது.

அதோடு அவருடைய படிப்பு முடியவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1920-இல் லண்டனில் அவர் பாடியதைக் கேட்ட நாவலாசிரியர் ஹியூ வால்போல் மேற்படிப்புக்குப் பண உதவி செய்தார். அதே ஆண்டுக் கோடையில் மார்கோனி கம்பெனியின் செம்ஸ்ஃபோர்டு ஒலிபரப்பு நிலையத்திலிருந்தும் மெல்கியோர் பாடினார். அதாவது ஒலிவாங்கி அவருக்குப் புதிதல்ல. 1924-இல் லண்டன் கோவென்ட் கார்டன், அதே ஆண்டில் வாக்னர் தனக்கென்று கட்டிக்கொண்ட பைரோய்ட் அரங்கம், 1926 பிப்ரவரியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா. அங்கே 24 ஆண்டுகள். வாக்னரின் 'ட்ரிஸ்டான்' பாத்திரத்தை மட்டும் வாழ்நாளில் 223 முறை பாடினார். ஐந்து மணி நேர ஓப்பராவில், கடைசி அங்கத்தில் நாயகன் தனியாகக் கிடந்து ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கதறிப் பாடும் பாத்திரம் அது. பாடகர்களின் தொண்டையை ஒடித்துவிடும் என்று பெயர் எடுத்தது.

தாளத்தில் அவருக்கு அலட்சியம் உண்டு, ஒத்திகைக்கு ஒழுங்காக வரமாட்டார் என்று இசைநடத்துநர்கள் குறைபட்டார்கள். குறையில் உண்மை இருந்தது. 1950-இல் மெட்ரோபாலிட்டனின் புது நிர்வாகி ருடால்ஃப் பிங் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதற்குள் அவர் ஹாலிவுட்டில் எம்.ஜி.எம். படங்களில் நகைச்சுவைப் பெரியப்பா மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தார். ஆனால் குரல்? 1960-இல் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி டென்மார்க் வானொலியில் வாக்னரின் 'வால்கியூர்' முதல் அங்கத்து நாயகனாகப் பாடினார். பதிவு இருக்கிறது. எழுபது வயதுத் தொண்டை என்று சொல்லாமல் போட்டால் கண்டுபிடிப்பது சிரமம். 1973-இல் கலிபோர்னியாவில் இறந்தார்.

இந்த இரண்டு குரல்களும் ஒரே வகை என்று நான் சொல்லவரவில்லை. உயரத்தில் கிட்டப்பாதான் மேலே. ட்ரிஸ்டான் பாத்திரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வுள்ள ஏ சுரமே உச்சம். ஐந்து கட்டைக் கணக்கில் அது தார ஸ்தாயி சதுஸ்ருதி ரிஷபம். கிட்டப்பா அங்கிருந்துதான் ஏறவே ஆரம்பிப்பார். மெல்கியோரின் சவால் கனம். நூறு பேர் வாசிக்கும் வாத்தியக் குழுவின் மீது, ஒலிபெருக்கி இல்லாமல், ஒரு மனிதக் குரல் மிதந்து வர வேண்டும். அது எப்படிச் சாத்தியம் என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி 1970-களில் அளந்து காட்டினார். வாத்தியக் குழுவின் ஓசை வலு 500 அதிர்வுகளுக்குப் பக்கத்தில் குவிகிறது. மேலே போகப் போகக் குறைகிறது. தேர்ந்த ஓப்பரா பாடகர் குரல்வளையைச் சற்றே தாழ்த்தித் தொண்டைக்குள் இடம் பண்ணிக்கொள்கிறார். அதனால் அவர் எந்தச் சுரம் பாடினாலும் 3,000 அதிர்வுகளை ஒட்டி ஒரு தனிக் கூர்மை சேர்கிறது. வாத்தியங்கள் ஒதுங்கிக்கொண்ட அந்த இடைவெளியில், மனிதச் செவி மிக நுட்பமாக உணரும் பகுதியில், குரல் நுழைந்துவிடுகிறது. கத்த வேண்டியதில்லை. இது கற்றுத் தரக்கூடியது. அதுதான் இதில் முக்கியமான செய்தி.

நம் கொட்டகை கண்ட வழி வேறு. ஹார்மோனியமும் மிருதங்கமும் வாக்னரின் வாத்தியப் படை அல்ல. அவற்றை மீறுவது கஷ்டமில்லை. மீற வேண்டியது கூட்டத்தின் இரைச்சலை. சுருதியையே தூக்கிவிட்டால் குரலின் மேல் அதிர்வுகள் எல்லாம் செவி கூர்மையாக உணரும் பகுதிக்கு ஏறிவிடும். சொல்லும் தெளிவாகக் கேட்கும். திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களில் திரௌபதி அம்மன் தீமிதிக்குக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆவடிக்கு அப்பால் கொஞ்ச தூரம் போனால் போதும். முகவீணையின் கீச்சு உயரத்துக்குச் சமமாக நின்று கட்டியக்காரனும் துரியோதனனும் விடிய விடியப் பாடுவது இந்தத் தர்க்கத்தில்தான். இதுவும் ஒரு தொழில்நுட்பம். ஆனால் இதற்கு விலை உண்டு, அந்த விலையைத் தொண்டை கொடுக்கிறது.

கிட்டப்பாவின் குரல் கடவுள் கொடுத்ததா, பயிற்சி கொடுத்ததா என்ற வாதம் பயனற்றது. மெல்கியோரின் வாழ்க்கையில் திருப்புமுனை அந்த ஓராண்டு விடுப்பு. உடைந்த குரலையோ தவறாக வகைப்படுத்தப்பட்ட குரலையோ சீர்செய்ய நேரம் வேண்டும், அந்த நேரத்தில் சாப்பாட்டுக்குப் பணம் வேண்டும், சொல்லிக்கொடுக்க ஒரு மூத்தவர் வேண்டும். கோபன்ஹேகனில் அரசு மானியம் பெற்ற ஓர் அரங்கம் அந்த மூன்றையும் கொடுத்தது. இங்கே பாய்ஸ் கம்பெனிக்கு மானியமும் இல்லை, மறுபருவமும் இல்லை. அடுத்த ஊர் கொட்டகை வாடகையை இன்றைய வசூலில் கட்ட வேண்டிய முதலாளியிடம் விடுப்பு கேட்க முடியாது. ஸ்பெஷல் நாடகத்தில் கேட்பதற்கு முதலாளியே கிடையாது. ஒப்புக்கொண்ட தேதியில் மேடை ஏறாவிட்டால் நஷ்டஈடு, வழக்கு, அவப்பெயர். 1930 வாக்கில் கிட்டப்பாதான் மேடையில் அதிக வசூல் தரும் ஆண் குரல். குழுவின் வயிறு முழுவதும் ஒரு தொண்டையை நம்பி இருந்தது. உடல்நலம் கெட்ட பிறகும் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். குடி அவரை அழித்தது என்று எழுதுகிறவர்கள், இரவு முழுக்கக் கத்திப் பாடிவிட்டுப் பகலில் ரயிலில் அடுத்த ஊர் போகும் தொழிலையும் அதே வரியில் எழுதுவதுதான் நியாயம். 1933 டிசம்பர் 2 அன்று இறந்தார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை ஒதுக்க முடியாது. அதே கொட்டகை, அதே சுருதி, அதே பயணம், சுந்தராம்பாளுக்கும்தான். அவர் குரல் உடையவில்லையே? 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் ஔவையாராகப் பாடியபோது வயது ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டது. குரல் கணீரென்று இருந்தது. உண்மை. ஆனால் ஐந்து கட்டை பெண்ணுடலுக்கு இயல்பான சுருதி. இன்னொன்று, கிட்டப்பா இறந்தபின் அவர் வெள்ளை உடுத்தி ஒதுங்கிக்கொண்டார். ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். துக்கத்தால் வந்த அந்த ஓய்வு அவர் குரலுக்கு நன்மை செய்திருக்கலாம் என்று சொன்னால் கல்நெஞ்சம் என்பீர்கள். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. 1935-இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு அவருக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள் என்பது அக்கால இந்தியாவில் பெரும் பேச்சு. அங்கே அவர் பாடியது கொட்டகையின் கடைசி வரிசைக்காக அல்ல, சில அடி தூரத்தில் இருந்த ஒலிவாங்கிக்காக.

ஒலிவாங்கி சென்னைக்குள் தொழிலாக வந்து இறங்கிய இடம் பூந்தமல்லி நெடுஞ்சாலை. கிட்டப்பா இறந்த மறு ஆண்டு, 1934-இல், ஏ. நாராயணன் அந்தச் சாலையில் ஸ்ரீநிவாஸ் சினிடோன் என்ற ஸ்டுடியோவை நிறுவினார். 'ஸ்ரீநிவாச கல்யாணம்' அங்கே உருவானது. சென்னையிலேயே எடுத்து முடிக்கப்பட்ட முதல் பேசும்படம். ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன். ஒரு பெண் ஒலிப்பதிவாளராக இருந்தது அன்று இந்தியாவிலேயே புதுமை. அவரைப் பற்றித் தமிழில் இதுவரை ஒரு முழுப் புத்தகம்கூடப் பரவலாகப் பேசப்படவில்லை என்பது நம் சினிமா வரலாற்றின் லட்சணம். அதே சாலையில் கோயம்பேடு, மதுரவாயல் கடந்து, பூந்தமல்லியையும் தாண்டிச் செம்பரம்பாக்கம் பக்கம் போனால் இன்று பெரிய படப்பிடிப்பு வளாகங்கள். சென்ட்ரல் பக்கத்து வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை, அங்கிருந்து மேற்கே கிளம்பும் நெடுஞ்சாலையில் சினிடோன். தமிழ்ப் பாட்டுத் தொழில் ஒரு கொட்டகையிலிருந்து ஒரு ஸ்டுடியோவுக்கு இடம் மாறிய தூரம் சில மைல்கள்தான்.

கிட்டப்பா படத்தில் நடிக்கவில்லை. 1931-இல் 'காளிதாஸ்' என்ற பேசும்படம் வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். ஆனால் அவர் பாடி நடிக்கும் ஓர் அடி படச்சுருள்கூட நமக்கு இல்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த உயரத்தைக் கொஞ்ச காலம் தாங்கினார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர் 1934-இல் 'பவளக்கொடி'யோடு படத்துக்கு வந்தார். கொட்டகைக் குரலின் கம்பீரத்தை ஒலிவாங்கிக்கு ஏற்றபடி இழைத்தவர் அவர். டி.ஆர். மகாலிங்கம் 1945-இல் 'ஸ்ரீ வள்ளி'யில் கிட்டப்பா புகழ்பெறச் செய்த 'காயாத கானகத்தே' பாட்டைப் பாடினார். அதே படத்தில் கதாநாயகி குமாரி ருக்மணிக்காக பி.ஏ. பெரியநாயகி பின்னால் இருந்து பாடினார். பாடுபவரும் நடிப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் போனதும் தர்க்கப் பாட்டுக்கு ஒரே சுருதி வேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று. டி.எம். சௌந்தரராஜன் 1950-இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் பாகவதர் சாயலில் உச்சத்தில் பாடி அறிமுகமானவர். சில ஆண்டுகளிலேயே கீழே இறங்கி, நடிகனுக்கு ஏற்ற குரலாக மாறிக்கொண்டார். சீர்காழி கோவிந்தராஜன் மட்டும் பிடிவாதமாக மேலேயே இருந்தார். கச்சேரி மேடையிலும் மைக் வந்தபின் சுருதி இறங்கியது. இறங்கியதில் நன்மையும் உண்டு: கீழ் ஸ்தாயியின் நுணுக்கங்கள், மெல்லிய கமகங்கள் கடைசி வரிசைக்கும் கேட்டன. தொண்டைகள் பிழைத்தன. இதை இழப்பு என்று மட்டும் புலம்புவது சரியில்லை.

ஐரோப்பாவுக்கும் மைக் வந்தது. மெல்கியோர் அதன் முன் கிட்டப்பாவுக்கு முன்பே நின்றவர். ஆனால் ஓப்பரா அரங்கம் அதை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்தது. அரசும் நகராட்சியும் செல்வந்தர்களும் பணம் போட்டு ஒலிபெருக்கி இல்லாத ஓர் அரங்கைக் காப்பாற்றினார்கள். அதனால் அங்கே டெனார் என்பது இன்றும் ஒரு வேலை. இசைக் கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம், சம்பளத்துக்குப் போகலாம். நம் நகரில் அந்தச் சொல்லை நாள்தோறும் சொல்கிறவர்கள் தேவாலயப் பாடகர் குழுவினர். அம்பத்தூரிலும் ஆவடியிலும் டிசம்பர் வந்தால் சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பாஸ் என்று பிரித்து உட்காரவைத்துப் பயிற்சி நடக்கும். டெனார் வரிசைக்குத்தான் எப்போதும் ஆள் பஞ்சம். பெரும்பாலான ஆண் குரல்கள் நடுத்தரமே. உயர்ந்ததைக் கட்டி எழுப்ப வேண்டும். மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893-இலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. 2008-இல் ஏ.ஆர். ரகுமான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேற்கத்தியக் குரலிசையை முறையாகப் படிக்கலாம். தமிழ் நாடகக் குரலை முறையாகப் படிக்க இப்படி ஓர் இடம் கிடையாது. காஞ்சிபுரத்துக்கு அருகே கட்டைக்கூத்துச் சங்கம் பிள்ளைகளுக்குக் கூத்தோடு பள்ளிப் படிப்பையும் சேர்த்துக் கொடுக்கப் பார்த்தது. பாய்ஸ் கம்பெனி வரலாற்றைப் படித்தவர்களுக்கு அந்தச் சேர்க்கையின் அருமை தெரியும். மற்றபடி மகரக்கட்டு உடைந்த பையனுக்கு இன்றும் விடுப்பு இல்லை. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் பத்து வயதில் உச்சஸ்தாயியில் கத்திக் கைதட்டு வாங்கும் பிள்ளைகளை அடுத்த நான்கு ஆண்டுகளில் யார் கவனிக்கிறார்கள்? அந்த நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்கள் போட்டியில் வென்ற பிள்ளைக்கு வீடு, கார் என்று அறிவிப்பதற்குப் பதிலாக, குரல் மாறும் காலத்துக்கு ஒரு ஆசிரியரின் சம்பளத்தை அறிவிக்கலாம்.

கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைப்பவற்றைக் கேட்டு அவர் சுருதியை அளப்பவர்கள் நிதானமாக இருக்க வேண்டும். 78 என்று பெயர் இருந்தாலும் அக்கால அரக்குத் தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்றில் பதிவாகவில்லை. வேகம் சற்றுக் கூடினாலும் சுருதி ஏறிவிடும். ஆறு சதவீத வித்தியாசம் அரைக் கட்டையை மாற்றிவிடும். மேலும் ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது மூன்று நிமிடம் சொச்சம். இரவெல்லாம் விரித்துப் பாடிய ஒருவரை அந்த மூன்று நிமிடத்தில் சுருக்கிக் கேட்கிறோம். ஒரே பாட்டின் பல தட்டுகளை ஒப்பிட்டு, கூட வாசிக்கும் ஹார்மோனியத்தின் சுருதியையும் வைத்துச் சரியான வேகத்தைக் கணக்கிட்டு, எல்லாப் பதிவுகளையும் ஒழுங்காக எண்மயமாக்கும் வேலை பாக்கி கிடக்கிறது. மெல்கியோரின் பதிவுகளுக்கு அந்த வேலை எப்போதோ நடந்துவிட்டது.

மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன் பழைய தட்டுகள் அங்கே குவிந்து கிடந்தன. அதிலிருந்து வாங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கொரட்டூர், அம்பத்தூர், பட்டாபிராம், பூந்தமல்லி என்று குடியிருக்கிறார்கள். வீடு இடித்துக் கட்டும்போது பரணில் கனமான கறுப்புத் தட்டுகள் அகப்பட்டால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். படுக்கவைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். நடுவில் ஒட்டிய லேபிளை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். தட்டில் பொறித்திருக்கும் எண்ணையும் லேபிளில் அச்சிட்ட எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டில் பாடியது என்று கண்டுபிடிக்க அந்த இரண்டு எண்கள்தான் வழி.